பாதியில் நின்ற கை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, உலை கொதிப்பதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன்.

“சனியன் பிடிச்ச போன்! மறுபடியும் தானா மாறிடுச்சு!” டீச்சர் கைப்பேசியை மெத்தை மேல் எறிந்தாள். தரையில் எறியத்தான் ஆசை. ஆனால் இன்னும் அரை மணியில் வகுப்பு.

காது கேளாத பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியாகச் சைகை மொழி கற்றுத் தருபவள் அவள். இரண்டு மாதமாக வைஃபை தானாகப் போகிறது, தானாக வருகிறது. நேற்று ‘பசிக்கிறது’ என்று காட்டப்போன கை வயிற்றின் மேலேயே உறைந்துவிட, டீச்சருக்கு வயிற்றுவலி என்று எட்டுப் பிள்ளைகளும் பதறிவிட்டார்கள்.

இன்று வகுப்பைப் பார்க்கத் தலைமையாசிரியையும் போனில் வருகிறார். படம் நின்றால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

போன் கடைக்காரன் மூன்று முறை செட்டிங்ஸை அழித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, போனில் கோளாறே இல்லை என்று கையை விரித்துவிட்டான். வைஃபை பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் இன்னும் மோசம். நடுச்சுவரோரம் போனால் சொன்னபடி கேட்கும்.

அந்தச் சுவரோரம் உட்கார அவளுக்குப் பிடிக்காது. வீட்டைப் பாகம் பிரித்து அதை எழுப்பியதிலிருந்து, அந்தப் பக்கம் இருக்கும் அக்காவோடு ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை.

அவள் வரச் சொல்லியிருந்த இன்டர்நெட் லைன்காரர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“என்ன தம்பி முழிக்கிறே? மணி பத்தே முக்கால்!”

அவர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

“ஐயையோ! இருந்ததும் போச்சு!”

“போனைப் பாருங்க டீச்சர்.”

வைஃபை அறுபடாமல் முழுசாக வந்தது. பதினொரு மணிக்குத் தொடங்கிய வகுப்பில் கை ஓர் இடத்திலும் உறையவில்லை. முடிவில் தலைமையாசிரியை இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். காது கேளாதவர்களுக்கு அதுதான் கைதட்டல்.

லைன்காரர் இன்னும் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“பெட்டியைப் பிடுங்கினா எப்படி தம்பி வருது?”

“உங்க லைன் அறுந்து ரெண்டு மாசமாச்சு டீச்சர். ரோட்டைத் தோண்டினப்போ போனது. இங்க ஒரே பேர்ல, ஒரே பாஸ்வேர்டுல ரெண்டு வைஃபை இருக்கு. போன் ரெண்டுக்கும் மாறி மாறித் தாவுது. உங்க செத்த பெட்டிக்குத் தாவினா நெட் போயிடும். இத்தனை நாளா நீங்க பாடம் நடத்தினது பக்கத்து வீட்டு வைஃபைல.”

டீச்சருக்கு முகம் சிவந்தது. “அக்காவா? வீட்டுல பாதி வாங்கினது பத்தாதுன்னு என் வைஃபை பேரையும் திருடிட்டாளா? அவளாலதான் ரெண்டு மாசமா என் உயிர் போச்சு!” சுவரைக் குத்தக் கையை ஓங்கினாள்.

“அடிக்காதீங்க டீச்சர். பேரை மாத்தினது நான்தான். லைன் அறுந்த அன்னிக்கு உங்க வீடு பூட்டிக் கிடந்துச்சு. வீடு ஒண்ணா இருந்தப்போ வெச்ச பாஸ்வேர்டை நீங்களும் மாத்தலை. ‘காலைல தங்கச்சிக்கு வகுப்பு இருக்கு, என்னோடது அவ போன்லயும் வர்ற மாதிரி பண்ணு’ன்னு உங்க அக்காதான் சொன்னாங்க. மறுநாள் லைனைச் சரி பண்ணலாம்னு கூப்பிட்டா, ‘எனக்கு நல்லாத்தான் வருது, உன் வேலையைப் பாரு’ன்னு வெச்சிட்டீங்க!”

ஓங்கிய கை அப்படியே நின்றது. “அப்பவே ஏன் தம்பி இதைச் சொல்லலை?”

“‘சொன்னா அவ வேணாம்னுடுவா, சொல்லாதே’ன்னாங்க.”

உங்கள் வீட்டிலும் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் குறைவில்லாமல் வாழட்டும், கண்ணுகளா.