ஏழாவது பொட்டு

புந்தோங்கில் மழை விட்ட மாலை. கோகிலனின் வயரிங் கடை முன்னால் சுகுமாரனின் பிக்கப் வண்டி மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கிறது. கூரைமேல் நான்கு விளக்கு, முன்கம்பியில் இரண்டு. எல்லாம் காட்டுக்குள் போகிறவர்கள் மாட்டுகிற விளக்கு. இந்த வண்டி கண்ட ஒரே காடு, ரொட்டிச்சானாய் கடைக்குப் பின்னால் இருக்கும் புல்தரை. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் கோகிலன், சுவிட்ச் பலகையில் கடைசி வயரை முடுக்குகிறான். "ஒவ்வொன்னா அமுக்கு மச்சான்." சுகுமாரன் அமுக்குகிறான். எதிர்ச்சுவர் வெளுக்கிறது, அதன் அடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து வேறு இடம் தேடிப் போகிறது. "தெராங்லா, பகல் மாதிரி வெளிச்சம்!" என்கிறான் சுகுமாரன், சூரியனையே இவன்தான் மாட்டியது போல. அவன் மனைவி தினேஸ்வரி சந்தன, குங்குமக் கிண்ணங்களும் மல்லிகைச் சரமுமாக வந்து, டயர்மேல் ஏறி எக்கி, புது விளக்குகளுக்குப் பொட்டு வைக்கிறாள். அவன் இருக்கையை விட்டு அசையாமல் கைப்பேசியில் படம் பிடிக்கிறான். ஆறு பொட்டும் முடிகிறது. அவள் வண்டிக்குப் பின்னால் போகிறாள். "பிரேக்க மிதிங்க." மிதிக்கிறான். வலது விளக்கு சிவக்கிறது. இடது விளக்கு இருண்டே கிடக்கிறது. "பல்ப மாத்துங்கன்னு போன மாசமே சொன்னேன். நேத்து ஒரு மோட்டர்காரன் பின்னால வந்து இடிக்க இருந்தான்." "அது சின்ன வேலலா, அப்புறம் பாக்கலாம். பூவ முன்னால போடு." அவள் முன்னால் வரவில்லை. இருண்ட விளக்கின் நடுவில் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை அழுத்துகிறாள். "செத்தவங்க படத்துக்குத்தானே முதல்ல பூ போடணும்" என்று சரத்தை அதற்கே சாத்துகிறாள்.