ஜம்புலிங்கம் சொன்ன சந்திரலோகம்

“அந்தப் படம் திரும்ப வந்திருக்கு. நான் மட்டும் போகக் கூடாதுன்னா இன்னா அர்த்தம்?”

கேட்டுவிட்டு சுலோச்சனா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். காலையிலிருந்து இதே நடைதான். இரண்டு தரம் உப்புப் போட்ட குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

“பழைய ரீலு. திரை முச்சூடும் மழை பெய்யும். கண்ணுதான் கெடும்” என்றான் ஜம்புலிங்கம். குதிரைக்கு மறுபடியும் தண்ணீர் காட்டினான். குதிரை போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

யார் சொல்கிறது பாருங்கள்! ஜெர்மன்காரன் சண்டைக்கு முன்னால் திருத்தணி டென்ட் கொட்டகைக்கு வந்த அந்த இங்கிலீஷ் படத்தைப் பற்றி ஆறேழு வருஷமாக வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன். பெரிய வாணம் ஒன்றுக்குள் உட்கார்ந்து சந்திரனுக்குப் போகிற வேடிக்கைப் படம். ஸ்டேஷனில் இவன் ஜட்காவில் ஏறுகிற பக்தர்கள், மலையடிவாரத்தில் இறங்குவதற்குள் சந்திரனுக்கும் ஒரு நடை போய் வந்துவிடுவார்கள்.

“சவாரிக்கு வர்றவங்க எல்லாம் கேக்கலாம், பொண்டாட்டி பாக்கக் கூடாதா, பாவா?”

சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்கு அப்புறமும் அவளுக்கு அவன் பாவாதான். பாவா குதிரைக்குப் புல் உதறிப் போடப் போய்விட்டான்.

அவளுக்குள் ஒரு முள் இருந்தது. முன்பு அந்தப் படத்துக்கு அவன் போயிருந்த சாயங்காலம்தான் அவளுக்கு வலி கண்டது. குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது விடிந்திருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வந்த மனுஷன்! அதைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

அதே மனுஷன்தான், அவள் சோறு தொடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த நாளெல்லாம் பாயோரம் உட்கார்ந்து அந்தப் படத்தைச் சொன்னான். ஒரு வாய் சோற்றுக்கு ஒரு சீன். சந்திரனில் வெள்ளி ஆறு. கரையில் தொப்பை விழுந்த ராஜா. ராஜாவுக்குப் பல் வலி. பூமியிலிருந்து போன பண்டிதர் கயிறு கட்டி இழுத்தால், பல்லுக்குப் பதிலாக ராஜாவே கூட வருகிறார். அந்தப் பல்லுக்குத்தான் சுலோச்சனா மறுபடி சிரித்தாள். கடைசியில், போனவர்கள் எல்லாரும் ஒரு உயிர் குறையாமல் ஊர் திரும்பினார்கள். இரண்டு மணி நேரப் படம் அந்த வீட்டில் ஐப்பசியில் தொடங்கித் தை மாதம் வரைக்கும் ஓடியது.

அந்த ராஜாவைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

“நீ வராட்டி போ. நான் பக்கத்து வூட்டு எல்லம்மா அக்காகூட போய்க்கிறேன்” என்று கிளம்பிவிட்டாள்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற பண்டிதர் வந்தார். வாணத்துக்குள் திருட்டுத்தனமாக ஒளிந்துகொண்ட குண்டுப் போலீஸ்காரர் வந்தார். வாணம் மேலே போனதும் உடம்பில் கனமே இல்லாமல், தன் தொப்பியைத் துரத்திக்கொண்டு அவர் மிதந்தபோது கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாம் அவன் சொன்னபடியே. சுலோச்சனா ஒவ்வொன்றுக்கும் முந்திக்கொண்டு சிரித்தாள். கோபம்கூட மறந்து போயிற்று.

வாணம் சந்திரனில் இறங்கியது. ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள்.

“ராஜா இனிமேதான் வருவாரு, அக்கா” என்றாள் எல்லம்மாளிடம்.

தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் தேசப்பன் எழுந்து நின்றான். ஜம்புவுக்கு ஜட்கா ஸ்டாண்டுக் கூட்டாளி. முதல் தடவை இருவரும் சேர்ந்துதான் படத்துக்குப் போனார்கள்.

“இன்னா தங்கச்சி, அவன் வரலியா? அவன்தானே மொதல்ல வந்திருக்கணும்!”

“அவருதான் அப்பவே பாத்துட்டாரே, அண்ணே.”

“எங்க பாத்தான்? இதே எடம். இப்படித்தான் வெளக்கு போட்டாங்க. உனக்கு வலி கண்டுடுச்சின்னு ஆளு வந்துது. துண்டைக்கூட எடுக்காம ஓடினான். மீதியை நான் சொல்றேன்டான்னு எத்தினியோ தரம் கூப்பிட்டேன். காதைப் பொத்திக்கினான். ‘வேணாம்டா, சுலோச்சனாவுக்கு நான் சொல்லிக்கினு இருக்கற கதை கெட்டுடும்’னான்.”

சுலோச்சனா வெறும் திரையைப் பார்த்தாள். அப்படியானால் வெள்ளி ஆறு? பல் வலி ராஜா? பாதியில் ஓடி வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மனதிலிருந்த முள் போயிருக்கும். கதையும் போயிருக்கும். பழி தன் மேலேயே இருக்கட்டும் என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான், பாவி மனுஷன்.

விளக்கை அணைத்தார்கள். அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

“எங்கடி போறே? ராஜா வர்ற நேரத்துல?”

“தலைய வலிக்குது, அக்கா.”

திரைப் பக்கம் திரும்பாமலே வெளியே வந்தாள். வேகமாக நடந்தாள்.

ஜம்புலிங்கம் வாசலில் நிலைகொள்ளாமல் உலாத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் வெளுத்துப் போயிற்று.

“அதுக்குள்ள படம் வுட்டுட்டாங்களா?”

“இல்ல, பாவா. வாணம் எறங்கிச்சு. நான் எழுந்து வந்துட்டேன்.”

“ஏன்? கடைசி வரிக்கும் பாக்கலியா?”

“மீதியை இன்னாத்துக்குப் பாக்கணும்? அதான் நீ முழுசா பாத்துட்டு வந்து சொல்லிட்டியே!” என்றாள் சுலோச்சனா.