புது இருக்கையும் பழைய கண்ணாடியும்

ஒரு பழைய காரில் புதிதாக ஓட்டுநர் இருக்கை ஒன்றைப் பொருத்தினார்கள். பொத்தானை அழுத்தினால், ஓட்டுபவரின் அளவை நினைவில் வைத்து அதுவே நகர்ந்துகொள்ளும். கார்க்காரி வேதவல்லி குள்ளம்; அவள் கணவர் நெட்டை.

பேட்டரி மாற்றிய அன்று இருக்கை எல்லாவற்றையும் மறந்துவிட்டது. வேதவல்லியின் கால் பிரேக்கை எட்டவில்லை.

“நாளைக்கும் இப்படின்னா பழைய சீட்டையே மாட்டிடுவேன்” என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

இருக்கை வெட்கத்தை விட்டு, எதிரே தொங்கிய, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியிடம் கேட்டது. “அண்ணே, அந்தம்மா ஓட்டும்போது நான் எங்கே இருப்பேன்?”

“வந்த அன்னைக்கு எல்லாம் தெரியும்னியே, தம்பி?”

“தெரிஞ்சுதுதான். கரண்டோட போயிடுச்சு.”

கண்ணாடி சிரித்தது. “சரி, முன்னால வா. இன்னும் ரெண்டு விரல். அந்தம்மா ஓட்டும்போது தெரியுற உன் தலைமாட்டுத் தையல் இப்ப எனக்குத் தெரியுது. அங்கேயே நில்லு.”

மறுநாள் காலை வேதவல்லி ஏறி உட்கார்ந்தாள். கால் பிரேக்கில் பதிந்தது.

“அட, ஞாபகம் வச்சிருக்கியே!” என்று இருக்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“அண்ணே, நல்ல பேரு எனக்கு வந்துடுச்சே” என்று இருக்கை முனகியது.

“அது கிடக்கட்டும். பின்னால லாரி வருது, அந்தம்மா என்னைப் பார்க்கணும். நீ ஆடாம இரு.”