டாங்கின் வாய்க்கு ஒரு குடை

கழக்கூட்டத்துப் பெட்ரோல் பங்கின் தகரக் கூரையை மழை போட்டு அடிக்கிறது. எங்கோ கடலில் நடக்கும் சண்டையால் எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. 'ஸ்டாக் இல்லை' பலகை கயிற்றில் ஆடுகிறது. ஆனால் தரைக்கடியில் டீசல் கிடக்கிறது. பட்டாளத்துக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் என்று சொல்லி அரசு தன் சேமிப்பிலிருந்து அனுப்பியது. அது இங்கே வேலை பார்க்கும் கலைச்செல்விக்குத் தெரியும். அவள் புருஷன் அஜினுக்கும் தெரியும். வற்றிப்போன ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்கிறான். "எட்டி, ரெண்டு லிட்டர் தா. கல்லாறு பெருகிட்டு. அம்ம அங்க கடையில ஒத்தைக்குக் கெடக்கா." அவள் மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். "அதத் தொடக் கூடாது." அவன் குரல் உயர்கிறது. "பட்டாளத்துக்கு எதுக்குட்டி பூட்டி வைக்கணும்? இங்க என்ன யுத்தமா நடக்குது?" மாமியார் கையால் தின்ற சோறெல்லாம் அவள் நினைவுக்கு வருகிறது. குழாயின் கைப்பிடியை மட்டும் அவள் விடவில்லை.

அப்போது விளக்கைப் போட்டபடி ஒரு பச்சை லாரி உள்ளே திரும்புகிறது. அதன் மேல் ரப்பர் படகுகள் கயிற்றால் வரிந்து கட்டிக் கிடக்கின்றன. ஜவான் ஒருவன் தலையை நீட்டுகிறான். "சேச்சி, வேகம். கல்லாறு போணம்." அஜின் அந்தப் படகுகளைப் பார்க்கிறான். ஆட்டோவை ஓரமாகத் தள்ளி வழி விடுகிறான். லாரி கூரைக்குள் அடங்கவில்லை. அதன் டாங்கின் வாய் மழையில் நிற்கிறது. கலைச்செல்வி மூடியைத் திருகும்போது, அஜின் ஆட்டோவிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான். டீசல் இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி, தலை முதல் கால் வரை தான் நனைந்து, உள்ளே ஒரு சொட்டு மழை விழாமல் அந்த வாய்க்குக் குடை பிடிக்கிறான்.