மூன்றாவது போத்தல்

கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர்ப் போத்தல்கள் மூன்றின் மேல் பிற்பகல் வெயில் விழுந்து கிடக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்கென்று ஒவ்வொன்றும் ஒரு புதுச்சுவையில் காய்ச்சியவை. கொண்டுவந்தவன் மருதை, அந்தச் சின்ன பியர்த் தொழிற்சாலையில் போத்தல் கழுவுகிறான், இந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கும், அட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். வீட்டுக்காரர் குணநாயகம் கறுவாப்பட்டை போட்டதைக் குடித்துப் பார்த்து, "பேதி மருந்து" என்கிறார். ஆனால் கிளாஸைக் காலியாக்கித்தான் வைக்கிறார். "இது கோப்பி போட்டதுங்க," என்று மருதை அடுத்ததை ஊற்றுகிறான். அவன் கண் அவருடைய சட்டைப்பைப் பேனாவை விட்டு நகரவில்லை. யுத்தகாலம்; வீட்டில் இருப்பவர்கள் யாரென்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் பொலிஸ் படிவத்தில் பெயரில்லாதவனைச் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். கடற்கரை ரயில் போக, போத்தல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கின்றன. "ஐயா, அந்தப் பொலிஸ் போர்முல எம் பேரு…" குணநாயகம் மீசையிலிருந்து பழுப்பு நுரையைத் துடைக்கிறார். "அது காலமையே பொலிசில குடுத்தாச்சு. தோட்டத்து ஆக்களைப் போட்டு நான் ஏன் கரைச்சல்படுவான்? மற்றதைத் திற." மருதை திறக்கிறான். அவர் நீட்டிய கிளாஸைப் பார்த்தபடியே போத்தலைத் தன் வாயில் கவிழ்க்கிறான். அதில் போட்ட தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோல் கசக்கிறது, அவன் நிறுத்தவில்லை.