எதிர் மேசை

தாலுகா அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேணுவுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குச் சல்லிக்காசு செலவில்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு முதல் பஸ்ஸில் வந்திருந்தான்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இழுக்க நிலச் சான்றிதழ் வேண்டும். அதில் அங்கே அதிகாரியாக இருந்த சக்கரபாணி கையெழுத்துப் போட்டாலும் செல்லும், எதிர் மேசை அப்பாதுரை போட்டாலும் செல்லும்.

இருவருக்கும் ஆகாது. ஒருவரிடம் போகிற ஆளை மற்றவர் மாமூலைக் குறைத்து இழுத்துக்கொள்வார்.

வேணு இதில் கில்லாடி. சக்கரபாணி ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கேட்டால் அதை அப்பாதுரை காதில் போடுவான். அவர் அரை மூட்டைக்கு இறங்குவார். அதை இங்கே வந்து சொல்வான். மூட்டை மரக்காலாகி, மரக்கால் படியாகி, கடைசியில் ஒரு காபியில் வந்து நின்றது.

அப்போதே கையெழுத்தை வாங்கியிருக்கலாம். அந்தக் காபிதான் எதற்கு என்று ஆசை விடவில்லை.

கொல்லையில் கடலை காய் பிடிக்கிற சமயம். இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் மொத்தமும் மாட்டுக்குத்தான்.

உள்ளே போனவன் திகைத்து நின்றான். எதிரெதிரே இருந்த மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு லட்டு.

"வாய்யா வேணு! எம்பையன் தங்கமான புள்ளன்னு அப்பாதுரை ஊட்டம்மாகிட்ட சொன்னியாமே? அவரு பொண்ணுக்கும் அவனுக்கும் நிச்சயமே முடிஞ்சிடுச்சி. எடுத்துக்க," என்றார் சக்கரபாணி.

வேணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னது நிஜம்தான். பேரம் பேச அப்பாதுரை வீட்டுக்குப் போனவன், அவர் குளித்துவிட்டு வரும்வரை சும்மா இருக்கமாட்டாமல் சொல்லி வைத்தது. பாழாய்ப்போன வாய்.

லட்டைக் கையில் வைத்துக்கொண்டே மனுவை நீட்டினான். சக்கரபாணி வாங்கவில்லை. சம்பந்தியிடம் முதலில் கொடுக்கச் சொன்னார்.

அப்பாதுரை நிதானமாகப் படித்துவிட்டு, "ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டாந்து போட்டுடு," என்றார்.

வேணு பழக்கதோஷத்தில் அடுத்த மேசைப் பக்கம் குனிந்து, அவர் ஒரு மூட்டை கேட்கிறார் என்று சக்கரபாணியின் காதில் போட்டான்.

சக்கரபாணி அவனைப் பாசமாகப் பார்த்தார்.

"சம்பந்தியவிட நான் கம்மியா கேட்டா, அவருக்கு என்னாய்யா மரியாதை?"