ஒரே ஒரு ஆட்சேபணை

"இது அந்தத் தையல்காரி வேலைதான். சந்தேகமே இல்ல!"

காலையிலிருந்து பத்தாவது தடவையாகச் சொல்லிவிட்டாள் டீச்சரம்மா. தெரு சங்கத்துக்குத் தலைவி. கோபம் வந்தால் போதும், ரிடையராகி ஆறு வருஷமானது மறந்துபோய், எதிரே யார் இருந்தாலும் கடைசி பெஞ்ச் மாணவனாக்கிவிடுவாள். இப்போது சிக்கியவர் கணவர். அவரும் ரிடையரானவர்தான்; தபால்காரராக இருந்தவர்.

"எப்படிச் சொல்ற?" என்றார், செருப்பைத் துடைத்துக்கொண்டே.

"பின்னே? நம்ம தெருவை இடிச்சு அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனிக்காரன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறான். பாரம்பரியப் பகுதின்னு அரசாங்கம் அறிவிச்சுட்டா ஒரு செங்கல்லைத் தொட முடியாது. அதுக்காக ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சு, முப்பத்தெட்டு வீட்டுலயும் கையெழுத்து வாங்கியாச்சு. இன்னைக்கு விசாரணை. இந்த நேரம் பார்த்து ஒரு ஆட்சேபணைக் கடிதம் வந்திருக்காம்! பின் சந்து வீடுகளை லிஸ்ட்ல சேர்க்கலைன்னு அங்க குடியிருக்கிற அவளுக்குத்தானே வயித்தெரிச்சல்?"

"சேர்த்திருக்கலாமே?"

"அந்தப் புறாக்கூடுகளையா? ஆபீசர் பார்த்தா நம்ம வீடுங்க மானமும் சேர்ந்து போகும். கிளம்புங்க, நேரமாச்சு."

விசாரணை ஹாலில் நிற்க இடமில்லை. கடைசி வரிசையில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். டீச்சரம்மா பார்த்த பார்வையில் பச்சை மரம்கூடப் பற்றிக்கொள்ளும். அவளோ, வணக்கம் சொல்லிச் சிரித்தாள்.

"சிரிப்பைப் பாருங்க, சிரிப்பை!"

ஆபீசர் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"பெரிய வீடுகளைக் கட்டிய கொத்தனார்களும் தச்சர்களும், அதற்கு முன்பே தங்களுக்கென்று கட்டிக்கொண்டவை பின் சந்தின் பதினாலு வீடுகள். இருப்பதிலேயே பழையவை அவைதான். அவற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் காப்பாற்றுவதை ஆட்சேபிக்கிறேன். பதினாலு வீட்டாரின் சம்மதக் கையெழுத்தும் இணைத்துள்ளேன்."

"கவுத்துட்டா! நான் சொன்னேன்ல?" கணவர் விலாவில் ஓர் இடி விழுந்தது.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து நானே போய்ப் பார்த்தேன். எழுதியிருக்கிறது அத்தனையும் உண்மை. அப்புறம், தலைவியம்மா, விதிகளை முழுசாப் படிச்சீங்களா? குறைஞ்சது அம்பது வீடாவது வேணும். உங்க மனுவுல முப்பத்தெட்டுதான். தள்ளுபடின்னு எழுதக் கையில பேனாவை எடுத்துட்டேன்."

டீச்சரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடமே கணக்கு உதைத்தது.

"நல்லவேளை, இந்தக் கடிதம் வந்துச்சு. இப்ப மொத்தம் அம்பத்திரண்டு. மனுவை ஏத்துக்கறேன்!"

ஹாலே ஓவென்று கத்தியது. கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். டீச்சரம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய்த் தையல்காரியைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னை மன்னிச்சிடும்மா. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ மட்டும் அந்தக் கடிதத்தை எழுதலேன்னா இன்னைக்கு நம்ம தெருவே போயிருக்கும்."

"நானா?" தையல்காரி விழித்தாள். "நான் கையெழுத்து மட்டும்தானே போட்டேன் டீச்சர்? வீடு வீடா ஏறி இறங்கி, விசாரிச்சு எழுதினதெல்லாம் நம்ம சார்தான்."

டீச்சரம்மா மெதுவாகத் திரும்பினாள். பின்னால் விலாவைத் தடவிக்கொண்டு நின்றார் கணவர்.

"நீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷம் அந்தச் சந்துல தபால் கொடுத்திருக்கேன்ல," என்றார் அவர் கூச்சத்தோடு. "ஒரு கவர்லகூடப் பின் சந்துன்னு போட்டு வந்ததில்ல. எல்லாத்துலயும் நம்ம தெருப் பேருதான் இருந்துச்சு."